மிளகு ஸ்ப்ரே: குமரிக் காற்றுக்கும் உப்புக்கும் தாக்குப்பிடிக்குமா?

குமரி மாவட்டத்தில் மிளகு என்றால் மிளகாய் வத்தல். கறுப்பாக உருண்டு கிடப்பதற்கு நல்லமிளகு என்று பெயர். ஆகையால் 'மிளகு ஸ்ப்ரே' என்ற பெயர் சென்னையைவிட நாகர்கோவிலுக்குத்தான் சரியாகப் பொருந்துகிறது. டப்பாவுக்குள் நல்லமிளகு கிடையாது. வத்தலில் இருந்து பிரித்தெடுத்த காரமான எண்ணெய்ச் சாறு, அதைக் கரைத்து வைக்க ஒரு திரவம், வெளியே தள்ள அழுத்தத்தில் அடைத்த வாயு, இவ்வளவுதான் சரக்கு. கண்ணில் பட்டால் இமை தானாக இறுக மூடிக்கொள்ளும், மூச்சு திணறும், இருமல் வரும். பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்குள் தானே அடங்கிவிடும்.

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை கடைவீதிகளில் செல்போன் கவர் விற்கும் கடைகளிலும் சில பேன்ஸி ஸ்டோர்களிலும் இது தொங்குகிறது. ஆன்லைனில் கேட்கவே வேண்டாம். கைக்குள் அடங்கும் 35 கிராம், 55 மில்லி டப்பாக்கள் சுமார் 200 ரூபாயில் இருந்து 500 ரூபாய் வரை போகின்றன. வாங்க லைசென்ஸ் தேவையில்லை. வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆனால் கடையில் இருக்கும் மூன்று வகையில் ஒன்று இந்த மாவட்டத்துக்கு லாயக்கில்லாதது. விற்பவர் முதலில் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் அதைத்தான்.

மூன்று வகை என்பது சரக்கு வெளியே வரும் விதத்தைப் பொறுத்தது. முதலாவது புகைமாதிரி விரிவது. கொசு மருந்து அடிப்பதைப்போல கூம்பாகப் பரவும், குறி பார்க்க வேண்டியதில்லை, அதனால் 'புதுசா வாங்குறவங்களுக்கு இதுதான் ஈஸி' என்று சொல்லி விற்கிறார்கள். இரண்டாவது நீர்த்தாரை. தண்ணீர்த் துப்பாக்கிமாதிரி நேர்கோட்டில் போகும், குறி தேவை. மூன்றாவது ஜெல். கூழாகப் போய் பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும், விலையும் கூடுதல்.

லேபிளில் 8 அடி, 10 அடி என்று போட்டிருப்பது காற்று அசையாத இடத்துக்கான கணக்கு. ஜூனில் இருந்து செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கும் காற்று முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. அந்தக் காற்றில் கூம்பாக விரியும் ஸ்ப்ரே 3 அடிகூடப் போகாமல் கலையும், அல்லது அடித்தவர் முகத்துக்கே திரும்பி வரும். தென்மேற்குப் பருவக் காற்று மேற்கே இருந்து கிழக்கே போவது. ஆரல்வாய்மொழிச் சாலையில் நாகர்கோவில் பக்கம் பார்த்து நடந்தால் பெரும்பாலும் காற்று முகத்தில் அடிக்கும். அப்போது எதிரே வருபவர்மேல் புகை வகையை அழுத்துவது தன் கண்ணிலே தானே அடித்துக்கொள்வதுதான். கன்னியாகுமரி, முட்டம், குளச்சல் போன்ற கரையோரங்களில் பகலில் கடலில் இருந்து கரைக்கும், இரவில் கரையில் இருந்து கடலுக்கும் காற்று மாறும். பகலில் சரியாக இருந்த பக்கம் இரவில் தப்பான பக்கமாகிவிடும்.

ஆகவே இங்கே வாங்க வேண்டியது நீர்த்தாரை வகை. கூடுதலாக 100, 150 ரூபாய் போட முடிந்தால் ஜெல். ஜெல்லில் ஒரு குறை உண்டு. மூச்சுக்குள் அதிகம் போகாது, கண்ணில் நேராகப் பட்டால்தான் வேலை செய்யும், அதற்கும் ஓரிரு வினாடி கூடுதலாகப் பிடிக்கும். அந்த வினாடிகளில் எதிராளி இரண்டு எட்டு முன்னால் வந்திருப்பார். தினமும் நடக்கும் வழி திறந்தவெளியும் காற்றுமாக இருந்தால் ஜெல், மற்றவர்களுக்கு நீர்த்தாரை போதும்.

கடையில் டப்பாவைக் கையில் வாங்கியதும் விலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் தேதியைப் பாருங்கள். தயாரித்த மாதமும் காலாவதி மாதமும் இருக்க வேண்டும். பொதுவாக இரண்டு, மூன்று வருடத்துக்குத்தான் ஆயுள். காரம் கெட்டுப்போவதால் அல்ல, வால்வு வழியாக வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதால். தேதியும் தயாரிப்பாளர் முகவரியும் இல்லாத டப்பாவை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். '20 லட்சம் எஸ்எச்யூ' (காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அந்த எண் கலப்பதற்கு முன் இருந்த மூலச் சாற்றின் காரம். காந்தாரி மிளகு ஒன்றை ஒரு குடம் தண்ணீரில் நசுக்கிப் போட்டாலும் காந்தாரியின் காரத்தைத்தான் அவர்கள் எழுதுவார்கள். டப்பாவுக்குள் இருக்கும் கலவையில் கேப்சைசினாய்டு, அதாவது எரிச்சல் தரும் காரப்பொருள், எத்தனை சதவீதம் என்று போட்டிருந்தால் அதுதான் உருப்படியான தகவல்.

மூடியைக் கவனியுங்கள். கட்டைவிரலால் தூக்கி உள்ளே விரலை நுழைத்து அழுத்தும் வகை நல்லது. பாட்டில் மூடிமாதிரி தனியாகக் கழற்றி எடுக்கும் வகைக்கு இரண்டு கை வேண்டும். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பை என்று நிற்பவருக்கு மூன்றாவது கைக்கு எங்கே போவது? திருகித் திறக்கும் வகையில் இருட்டில் எந்தப் பக்கம் திறப்பு என்று குழப்பம் வரும். துளை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது விரலால் தடவினாலே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் துளைக்கு நேர் பின்பக்கம் ஒரு துண்டு மெடிக்கல் டேப் ஒட்டிவிடுங்கள், கட்டைவிரல் அந்தச் சொரசொரப்பைத் தொட்டால் துளை வெளியே பார்க்கிறது என்று அர்த்தம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சமையல் தராசில் வைத்து எடை பாருங்கள். கிராம் கணக்கை அழியாத பேனாவால் டப்பாவின் அடியில் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி நிறுத்துப் பார்த்து, அடிக்காமலே எடை குறைந்திருந்தால் கசிவு. காலாவதிக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான். வாங்கிய புதிதில் அரை வினாடி ஒரு சோதனை அடியும் தேவை. வெட்டவெளியில், காற்று முதுகில் படும்படி நின்று, பிள்ளைகளும் ஆடு மாடுகளும் இல்லாத பக்கமாக அடியுங்கள். தாரை நேராகப் போகிறதா, துளையில் சொட்டி நிற்கிறதா என்று தெரிந்துவிடும். துளையைப் பழைய துணியால் துடைத்து, துணியை எறிந்துவிட்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவும் வரை கண்ணைத் தொடாதீர்கள்.

உப்புக் காற்று அடுத்த எதிரி. கடலோர ஊர்களில் சைக்கிள் செயினை விட்டுவைக்காத துரு, தகர டப்பாவின் அடி விளிம்பையும் விடாது. அலுமினிய டப்பா கிடைத்தால் எடுங்கள். காந்தம் ஒட்டினால் தகரம். வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஸ்கூட்டி சீட்டுக்கு அடியிலோ வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டிலோ வைக்கக் கூடாது. 50 டிகிரி தாண்டினால் வெடிக்கலாம் என்று டப்பாவிலேயே எச்சரிக்கை இருக்கும்.

இனி எங்கே வைப்பது என்பது. இந்தப் பொருள் தோற்பதற்கு முதல் காரணம் காரம் குறைவதல்ல, அது பையின் அடியில் கிடப்பது. டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை, பர்ஸ், சாவிக்கொத்து எல்லாவற்றுக்கும் கீழே கிடக்கும் டப்பாவை இருட்டில் துழாவி எடுக்க 10 வினாடிக்கு மேல் ஆகும். வேகமாக நடக்கும் ஒருவர் அதற்குள் 15 மீட்டர் வந்துவிடுவார். பையின் வெளிப்பக்க ஜிப்பில் அதை மட்டும் தனியாக வையுங்கள், வேறு எதையும் சேர்க்க வேண்டாம். ஆள் நடமாட்டம் குறைந்த இடத்துக்கு வரும்போது எடுத்துக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடப்பது அதைவிட மேல். வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கி ஒதுக்குப்புறச் சந்துக்குள் நுழையும் முன், அல்லது குலசேகரம் பக்கம் விடியும் முன்னே ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் வழியில், துப்பட்டாவுக்கோ முந்தானைக்கோ அடியில் மறைந்து இருந்தால் யாருக்கும் தெரியாது.

பிடிப்பு இப்படி. டப்பாவை நான்கு விரலால் முஷ்டியாகச் சுற்றிப் பிடித்து, கட்டைவிரல் மேலே பொத்தானில். சென்ட் அடிப்பதுபோல ஆள்காட்டி விரலால் அழுத்தினால் பிடி தளர்ந்து, ஒரு தட்டில் டப்பா பறந்துவிடும். டப்பா உள்ள கை இடுப்பை ஒட்டிப் பின்னால். மற்ற கை உள்ளங்கை வெளியே தெரியும்படி முன்னால் நீண்டு, 'கிட்ட வராதே' என்ற சத்தத்தோடு. எதிராளி 2 மீட்டருக்குள் வந்தால் கண் மட்டத்தில் ஒரு காதில் இருந்து மறு காது வரை கோடு இழுப்பதுபோல ஒரு வினாடி அழுத்துங்கள். உடனே பக்கவாட்டில் இரண்டு எட்டு நகர்ந்து, ஆள் இருக்கும் வெளிச்சத்துக்கு ஓடுங்கள். நேர் பின்னால் ஓடினால், கண் தெரியாமலே முன்னால் பாய்ந்து வருபவர் கையில் சிக்கும் வாய்ப்பு உண்டு. அடித்துவிட்டு வேலை செய்கிறதா என்று நின்று பார்ப்பதுதான் பெரிய தப்பு. குடித்திருப்பவருக்கும் வெறியில் இருப்பவருக்கும் வேகம் குறைய நேரமாகும், சிலரைக் கண் எரிச்சல் நிறுத்தவே நிறுத்தாது. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பைக்கில் வருபவரிடம் இது செல்லாது.

காற்று எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம், காதோர முடியும் துப்பட்டா நுனியும் சொல்லும். முகத்தில் அடித்தால் முதலில் பக்கவாட்டில் வட்டமாக நகர்ந்து காற்றைத் தோளுக்குக் கொண்டுவந்துவிட்டு அழுத்துங்கள். பழக, வீட்டில் தீர்ந்துபோன சென்ட் டப்பா ஒன்று போதும். அதே ஜிப்பில் இருந்து எடுத்து, மூடி திறக்கும் பாவனையோடு, சுவரில் கண் உயரத்தில் ஒட்டிய பேப்பர் தட்டுக்கு நேரே நீட்டுங்கள். தினம் 10 முறை, ஒரு வாரம். மூன்று வினாடிக்குள் வந்தால் தேர்ச்சி.

பேருந்துக்குள் அடிக்கவே கூடாது. மூடிய இடத்தில் டிரைவர் உட்பட எல்லாரும் இருமுவார்கள், வண்டி ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டோவுக்கும் லிப்டுக்கும் அதே கதைதான். நெரிசல் பேருந்தில் கை வைப்பவருக்கு இருக்கவே இருக்கிறது ஊக்கு. அதைவிடப் பலன் தருவது குரல். 'ஏய்' என்று மட்டும் கத்தினால் பத்துப் பேர் திரும்பி உங்களைத்தான் பார்ப்பார்கள். 'பச்சைச் சட்டை, கைய எடு!' என்று ஆளையும் செயலையும் சேர்த்துச் சொன்னால் எல்லார் கண்ணும் பச்சைச் சட்டைமேல் போகும். பிறகு கண்டக்டரைக் கூப்பிடுங்கள். 2022இல் திருத்திய தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகள்படி, பெண்களிடம் தப்பாக நடப்பவரை இறக்கிவிடவும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவும் கண்டக்டருக்கு அதிகாரம் உண்டு. 'விடுங்கம்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்றால் இதை அவருக்கு நினைவுபடுத்தலாம்.

தப்பித் தன்மேல் பட்டுவிட்டால்: காற்றுக்கு முகம் காட்டி நின்று வேகமாகக் கண் சிமிட்டுங்கள், தேய்க்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றி எறியுங்கள். குளிர்ந்த சுத்தமான தண்ணீர் 15 நிமிடம் ஓடட்டும். தோலுக்குக் குழந்தை ஷாம்பு போட்டுக் கழுவலாம். மிளகு அரைத்த கை எரிந்தால் தேங்காய் எண்ணெய் தேய்ப்பது நம்மூர்ப் பழக்கம். முகத்துக்கு அது வேண்டாம், எண்ணெயில் கரைந்து காரம் இன்னும் பரவும். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் சோதனை அடியை வீட்டுப் பக்கமே வைத்துக்கொள்ளாதீர்கள். எரிச்சல் ஒரு மணி நேரம் தாண்டினாலோ மூச்சு வாங்கினாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது என்பது அதில் முக்கியம். பாய்ந்து வருபவர்மேல் அடிப்பது தற்காப்பு. திரும்பி ஓடுகிறவரைத் துரத்திப் போய் அடிப்பது தற்காப்பில் வராது. வாய்ச்சண்டைக்கு எடுத்தால் உங்கள்மேல்தான் வழக்கு வரும்.

ஸ்ப்ரேக்குப் பக்கத்திலேயே தொங்கும் மற்றவை. அலாரம் சாவிக்கொத்து: பின்னை இழுத்தால் அலறும், விலை 150இல் இருந்து 400 வரை. அட்டையில் 130, 140 டெசிபல் என்று இருக்கும், எத்தனை தூரத்தில் அளந்தது என்று இருக்காது. தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 110 என்றால் 4 மீட்டரில் 98, 16 மீட்டரில் 86. அதாவது மிக்சி ஓடும் சத்தம். மழையில் கதவைச் சாத்தி டிவி பார்க்கும் வீட்டுக்கு அது எட்டாது. கடைவீதியில், பேருந்து நிலையத்தில் உதவும். ரப்பர் தோட்டத்தில் உதவாது. பட்டன் செல் வகையில் உப்புக் காற்றுப் பட்டுத் தகடுகள் பச்சை பூக்கும். மாதம் ஒருமுறை பின்னை இழுத்துப் பார்த்து, சத்தம் கம்மினால் செல்லை மாற்றுங்கள். யூஎஸ்பி சார்ஜ் வகை பரவாயில்லை. பின் பைக்குள் தானாகக் கழன்று பேருந்தில் அலறுவது இதன் நிரந்தரப் பிரச்சினை.

உள்ளே உருண்டை இல்லாத பிளாஸ்டிக் விசில் 50, 100 ரூபாய்க்கு விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும். நனைந்தாலும் ஊதும், செல் வேண்டாம், துருப்பிடிக்காது. மூன்று ஊதல், இடைவெளி, மறுபடி மூன்று. செல்போன் டவர் கிடைக்காத பேச்சிப்பாறை மலைப் பக்கத்துக்கு அலாரத்தைவிட இதுதான் சரி. பூனைக்காது வடிவத்தில் விரலில் மாட்டும் கூர்முனையை வாங்காதீர்கள், பழகாதவர் குத்தினால் அவர் விரல்தான் முதலில் மடங்கும். பல லட்சம் வோல்ட் என்று விற்கும் ஷாக் டார்ச்சும் வேண்டாம். உடம்பில் அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்யும், அவ்வளவு கிட்டே வரவிடுவதற்கா காசு கொடுக்கிறோம்? இரண்டு பருவமழை பெய்யும் இந்த ஊரில் எப்படியும் கையில் இருக்கும் குடை அதைவிட உபயோகம். நீளக் குடையை மடக்கி இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சுக்குழியை நோக்கி நுனியால் தள்ளினால் இடைவெளி காக்கலாம். ஓங்கி அடித்தால் பிடுங்கிக்கொள்வார்கள்.

போன் எல்லாருக்கும் இலவசமாக இருக்கும் கருவி. பெரும்பாலான ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை வேகமாக மூன்று அல்லது ஐந்து முறை அழுத்தினால் 112க்கு அழைப்பு போகும். உங்கள் போனில் எத்தனை என்பதை செட்டிங்ஸில் எமர்ஜென்சி எஸ்ஓஎஸ் என்ற இடத்தில் இன்றே பார்த்துவிடுங்கள். பட்டன் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடிக்க வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி செயலி 2022இல் வந்தது. அதன் சிவப்புப் பொத்தான் இருக்கும் இடத்தைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும், ஆனால் லொகேஷனும் டேட்டாவும் ஆன் செய்திருக்க வேண்டும். 181 பெண்கள் உதவி எண், ஆலோசனைக்கும் தங்குமிடத்துக்கும் வழிகாட்டும். அந்த நிமிட ஆபத்துக்கு 112தான். பேச்சு எடுத்ததும் இடத்தைச் சொல்லுங்கள், பெயர் பிறகு: 'மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே, பம்மம் பக்கம்.' இணைப்பு அறுந்தாலும் இடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

வகுப்புக்குப் போவதானால் இந்த மாவட்டத்துக்கு அடிமுறையும் வர்மமும் சொந்தச் சொத்து. நல்ல ஆசானிடம் வருடக்கணக்கில் கற்கும் கலை அது. 'இரண்டு நாளில் வர்மப் புள்ளி' என்று நோட்டீஸ் ஒட்டுபவரிடம் பணம் கட்டாதீர்கள். அசையும் ஆளிடம், இருட்டில், நடுங்கும் விரலால் அந்தப் புள்ளியைத் தொட முடியாது. குறுகிய வகுப்பைச் சேரும் முன் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். முழு பலத்தோடு குத்தப் பேட் இருக்கிறதா? பிடிப்பவர் உண்மையிலேயே இறுக்கிப் பிடிக்கிறாரா, சொன்னதும் விட்டுவிடுகிறாரா? சேலை, சுடிதார், தோள்பை, செருப்போடு பழகவிடுகிறார்களா? பயிற்சி கொடுக்கும் பெண் ஒருவராவது இருக்கிறாரா?

சோதனைக்கு மணிக்கட்டுப் பிடியை மட்டும் கேளுங்கள். பிடித்தவரின் நான்கு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம். பூட்டு பலவீனமாக இருப்பது கட்டைவிரல் நுனியும் விரல் நுனிகளும் சந்திக்கும் இடைவெளியில். மணிக்கட்டின் மெலிந்த ஓரத்தை அந்த இடைவெளிக்குத் திருப்பி, முழங்கையை அவர் பக்கம் முன்னால் கொண்டுபோய், உடம்போடு சேர்த்து வெடுக்கென்று மடக்க வேண்டும். பின்னால் இழுப்பதாகக் கற்றுக்கொடுத்தால் தப்பு. அது அவருடைய தோள் பலத்தோடு கயிறு இழுப்பது. விடுபட்ட கையால் உள்ளங்கை அடிப்பாகத்தால் மூக்கு, தாடைப் பக்கம் ஒரு தள்ளு, உடனே ஓட்டம். ஓடுவதையும் சேர்த்துப் பழக்காத வகுப்பு பாதி வகுப்பு.

காலாவதியான ஸ்ப்ரேயை என்ன செய்வது என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை. முற்றத்தில் ஓலையும் சருகும் கூட்டி எரிக்கும் குப்பையில் போட்டுவிடாதீர்கள், டப்பா வெடிக்கும், மிளகுப் புகை அடுத்த வீடு வரை போகும். வீட்டில் இருந்து தள்ளி, காற்று முதுகில் படும்படி நின்று, பிளாஸ்டிக் பைக்குள் பழைய துணியை வைத்து அதன்மேல் முழுவதும் அடித்துத் தீருங்கள். பையை இறுகக் கட்டிக் குப்பை வண்டியில் கொடுங்கள். டப்பாவை ஓட்டை போடாமல் தனியாகக் கொடுங்கள். புதியதை அதற்கு முந்தைய மாதமே வாங்கி வைத்திருக்க வேண்டும்.